வாடகைக்கு இருந்த தங்கச்சி

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி, தான் போய்க் கழுநீர்ப் பானையில் விழுமாம். அந்தப் பல்லி நான்தான். தஞ்சாவூரில் பத்திர ஆபீசுக்கு எதிர்ச் சந்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் இருபது வருஷமாக டைப் அடிக்கிறேன். கிரயம், அடமானம், பாகப்பிரிவினை எல்லாம் அடிப்பேன் என்றாலும் அதிகமாக அடித்தது வாடகை ஒப்பந்தம்தான். 'மேற்படி வீட்டை இன்று முதல் பதினோரு மாத காலத்திற்கு' என்ற வரியைக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். அப்படிப்பட்டவள், பதினோரு வருஷமாகக் குடியிருந்த வீட்டுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல் இருந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அரசாங்க வீட்டுக்கு மனுப் போடும்வரை நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

வீடு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். முன்கட்டு எப்போதும் பூட்டிக் கிடக்கும். அறுவடை முடிந்தால் வீட்டுக்காரர் தன் ஊரிலிருந்து நெல் மூட்டை கொண்டுவந்து அடுக்குவார். பின்கட்டில் ஓர் அறை, அதில் நாங்கள் இருவர். அடுப்பு, கட்டில், சாமி படம், துணிமணி எல்லாம் அந்த ஒரே அறைக்குள்தான். கக்கூஸ் கொல்லையில் இருந்தது. மூன்று படி இறங்கி, கிணற்றடியைத் தாண்டிப் போக வேண்டும். நல்ல காலும் நல்ல கையும் உள்ளவர்களுக்கு அது ஒரு தூரமே இல்லை.

என் புருஷன் அரிசி மில்லில் மூட்டை தூக்கினவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். உயிர் தப்பியது, வலது கையும் காலும் சொன்ன பேச்சு கேட்காமல் போயின, பேச்சும் குழறியது. கொல்லைப் படியில் இரண்டு தடவை விழுந்தார். இரண்டாவது தடவை ஐப்பசி மழையில், நான் எழுத்தர் கடைக்கு வேலைக்குப் போயிருந்த நேரம். எதிர்வீட்டு அக்கா எதற்கோ எட்டிப் பார்க்கும்வரை கிணற்றடியில் நனைந்துகொண்டே கிடந்திருக்கிறார். அதற்குப் பிறகு நான் வேலைக்குப் போகும் நாட்களில் அவர் பகலில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். சொம்பில் வைத்துவிட்டுப் போகும் தண்ணீர் சாயங்காலம் அப்படியே இருக்கும். கேட்டால், தாகமில்லை என்பார்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், நடுவில் ஓட்டை போட்டுக் கீழே வாளி வைத்த நாற்காலி விற்கிறது, கட்டில் பக்கத்திலேயே போட்டுக்கொள்ளலாம் என்று நல்ல மனதோடு சொன்னது. இவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. வீட்டுக்கு வந்து குழறிக் குழறி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "சோறு திங்கிற இடத்துல வேண்டாம்." எனக்குக் கோபம் வந்தது, திட்டினேன். பிறகு அந்த அறையை ஒரு சுற்றுப் பார்த்தேன். கட்டிலிலிருந்து அடுப்புக்கு எட்டு அடி. அவர் சொன்னதில் என்ன தப்பு?

அப்போதுதான் அரசாங்கம் புறவழிச் சாலைக்கு அந்தண்டை அடுக்குமாடி வீடு கட்டி, சொந்த வீடு இல்லாமல் டவுனில் வாடகைக்கு இருக்கிறவர்களுக்குக் கொடுக்கப் போகிறது என்று செய்தி வந்தது. கீழ்த்தளத்து வீடுகளில் சிலதை நடக்க முடியாதவர்கள் இருக்கிற குடும்பத்துக்கு ஒதுக்கியிருந்தார்கள். தகுதியுள்ளவர்கள் பெயரைக் குலுக்கிப் போட்டு எடுப்பார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வயல், நடுவில் வெள்ளை வெளேரென்று கட்டடம். காவலுக்கு இருந்தவர் கீழ்வீடு ஒன்றைத் திறந்து காட்டினார். ஹால், படுக்கையறை, அடுப்படி. படுக்கையறையை ஒட்டி ஒரு கதவு. திறந்தால் கக்கூஸ், குளிக்கிற இடம், படி கிடையாது, தரைக்குத் தரை. நான் அந்தக் கதவைத் திறந்தேன், மூடினேன், மறுபடியும் திறந்தேன். ஹாலைப் பார்க்கலையா அம்மா என்று காவல்காரர் கேட்டார். ஹாலை யார் பார்த்தார்கள்?

மனுவுக்கு வேண்டிய காகிதங்களில் எல்லாம் இருந்தன, ஒன்றைத் தவிர. வாடகை ஒப்பந்தம், அது இல்லாவிட்டால் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட கடிதம். எங்கள் பத்திர எழுத்தர், உனக்கு இல்லாத ஒப்பந்தமா அம்மா, அடிச்சு எடுத்துக்கோ, முத்திரைத்தாள் நான் தருகிறேன் என்றார். அடிப்பதற்கு நான் இருக்கிறேன், கையெழுத்துக்கு எங்கே போக?

வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்ட மனுஷன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆற்றுக்கு அந்தப்புறம் கிராமத்தில் நிலபுலன் உள்ளவர். மகன் சிங்கப்பூரில். மனைவி தவறிப் போய் வெகுகாலம். பழைய மொபெட்டில்தான் வருவார், வரும்போது ஹேண்டில்பாரில் கீரைக்கட்டோ வாழைப்பூவோ தொங்கும். ஆனால் பேனாவைக் கையில் எடுக்க மாட்டார். வாடகையைப் போனில் போடுகிறேன் என்றாலும், வேண்டாம்மா கையிலேயே குடு என்பார். காரணம் இதுதான்: கட்டடம் அவருடையது, அடிமனை கோயிலுடையது. எங்கள் தெருவே அப்படித்தான். மனைக்கு வாடகை கட்டிக்கொண்டு மேலே வீடு கட்டிக்கொண்டவர்கள். அவரவர் குடியிருக்கலாம், இன்னொருத்தருக்கு உள்வாடகைக்கு விடக் கூடாது. விட்டது தெரிந்தால் மனையைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று சீட்டிலேயே எழுதியிருக்கும். கொல்லையில் இருக்கிற கக்கூசை உள்ளே கொண்டுவந்து கட்ட வேண்டுமென்றாலும் கோயில் ஆபீசில் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கேட்டால் ஆள் பார்க்க வருவார்கள், வந்தால் நாங்கள் இருப்போம்.

நாங்கள் குடிவந்த முதல் மார்கழியில் கோயில் ஆபீசிலிருந்து குமாஸ்தா ஒருவர் மனை அளக்க வந்தார். வீட்டுக்காரரும் கூட இருந்தார். இவங்க யாரு என்று குமாஸ்தா கேட்டதும், வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமலே, என் சித்தப்பா மக, புருஷனுக்கு இங்க மில்லுல வேலை, நம்ம வீடு சும்மா கெடக்கேன்னு வந்து இருக்கச் சொன்னேன் என்றார். குமாஸ்தா என் முகத்தைப் பார்த்தார். நான், வாங்கண்ணே, காபி சாப்பிடுறீங்களா என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். நடிப்பு என்றால் அப்படியொரு நடிப்பு. அன்றைக்கு அது ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது. புது இடம், நல்ல வீட்டுக்காரர், ஒரு சொல்லில் என்ன குறைந்துவிடப் போகிறது?

குமாஸ்தா வீடு அடுத்த தெரு. நம்பினாரா இல்லையா என்று வீட்டுக்காரருக்குச் சந்தேகம். அந்தத் தைக்கு, போகிக்கு முதல்நாள் பட்டப்பகலில் ஒரு மினிவேன் எங்கள் வாசலில் வந்து நின்றது. புதுப் பானை, பச்சரிசி மூட்டை, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்புக் கட்டு, பரங்கிக்காய், வாழைத்தார், தாம்பாளத்தில் ஒரு சேலை. அண்ணன் தங்கச்சிக்குக் கொண்டுவரும் பொங்கல் சீர். தெரு முழுக்க வாசலுக்கு வந்து பார்த்தது. அவர் மெதுவாக, ஒவ்வொரு சாமானாக, எல்லோரும் பார்க்கும்படி இறக்கினார். குமாஸ்தாவுக்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நானும் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு காலில் விழுந்து கும்பிட்டேன். முறை என்று ஒன்று இருக்கிறதே.

அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூடச் சீர் நின்றதில்லை. அவருக்குக் கூடப் பிறந்த தங்கச்சி ஒருத்தி வேதாரண்யத்தில் இருந்தாள். நிலம் பாகம் பிரித்ததில் சண்டை, அனுப்பின சீரை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாளாம். அதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், கரும்பை இறக்கிக்கொண்டே சொன்னார். பொய்க்கு ஆரம்பித்த சீர் எந்த வருஷத்தில் மெய்யாக மாறியது என்று எனக்குத் தெரியாது. என் புருஷனை மாப்ளே என்பார். இவரும் மச்சான் மச்சான் என்று உருகுவார், எனக்கே சிரிப்பு வரும். மகன் கல்யாணத்தில் அத்தை முறைக்கு விளக்குப் பிடிக்க ஆளில்லை என்று என்னைக் கூப்பிட்டார். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போய் மணமேடையில் விளக்குப் பிடித்தேன். எங்கள் தெருவே வேன் பிடித்து வந்து பார்த்துக் கைதட்டிவிட்டுப் போனது. அன்றைக்கு எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

ஆடி மாசம் ஒப்பந்தத்தை அடித்து எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். முன்கட்டில் எலி நடமாட்டம் பார்க்க வந்திருந்தார். மூட்டை மேல் உட்கார்ந்து, கண்ணாடியைத் துண்டால் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூன்று பக்கத்தையும் வரி விடாமல் படித்தார். நல்லா அடிச்சிருக்கேம்மா, ஒரு பிழை இல்லை என்றார். பிறகு நான்காக மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"தங்கச்சிக்கு யாராவது வாடகைப் பத்திரம் எழுதிக் குடுப்பாங்களாம்மா?"

கிண்டலுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார். எனக்கு வந்ததே கோபம். தங்கச்சியிடம் மட்டும் மாசாமாசம் வாடகை வாங்கலாமா என்று கேட்டுவிட்டேன். கேட்ட வேகத்தில் எனக்கே சுருக்கென்றது. அவர் தரையைப் பார்த்தார். மனை போயிடும்மா, எங்கப்பா காலத்து மனை, இந்தக் காகிதம் எங்கே சுத்தினாலும் கடைசியில் கோயில் ஆபீசுக்குத்தான் வந்து சேரும் என்றார். பொய்யென்று என்னால் சொல்ல முடியவில்லை. உள்வாடகைக்கு விட்டதாகக் காகிதம் சிக்கி வீடு பூட்டப்பட்ட ஆட்களுக்கு நானே மனு அடித்துக் கொடுத்திருக்கிறேன். அவர் பயம் எத்தனை நிஜம் என்று அவரைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்த அறிவு இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் இரண்டு வார்த்தை கூடுதலாகத் திட்டிவிட்டாவது வந்திருப்பேன்.

ஒப்பந்தம் இல்லாமலே மனுவைக் கொடுத்தேன். வாடகைக்குத்தான் இருக்கிறேன், எழுத்து மூலமாக எதுவும் இல்லை, நேரில் விசாரித்துக்கொள்ளலாம் என்று நானே ஒரு உறுதிமொழி எழுதி வைத்தேன். வாங்கினவர், விசாரணைக்கு ஆள் வரும், அக்கம்பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள் என்றார். அப்பாடா என்று இருந்தது. அக்கம்பக்கம் என்றால் எனக்கு என்ன பயம்? ஒருத்தரோடும் சண்டை கிடையாது. தெருவில் பாதிப் பேருக்கு நான் காசு வாங்காமல் மனு அடித்துக் கொடுத்திருக்கிறேன். எனக்குக் கெடுதல் நினைக்க அந்தத் தெருவில் ஆளே இல்லை. அந்தத் தெம்பில்தான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைக்காமல் இருந்துவிட்டேன்.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம் கடையிலிருந்து வந்தேன். எதிர்வீட்டு அக்கா வாசலிலேயே காத்திருந்தது, முகமெல்லாம் சிரிப்பு. வீட்டு விஷயமாக ஆபீசிலிருந்து ஒரு பொம்பளைப் பிள்ளை வந்திருந்ததாம். இவரிடம் கேட்டதற்கு இவர் பேச்சு புரியவில்லையாம். வெயிலில் நிற்கிறதே என்று அக்கா நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, நம்ம பிள்ளைக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லி வைப்போம் என்று எல்லாம் சொல்லிவிட்டதாம். என்ன சொன்னீங்கக்கா என்று கேட்டேன்.

"வாடகை வீட்ல கிடந்து சீரழியிற ஆளுங்க இல்லம்மா, சொந்த அண்ணன் வீடு. வருஷம் தவறாம பொங்கல் சீர் இறங்குது, கவுரவமான குடும்பம், தைரியமா வீட்டைக் குடுங்கன்னு சொன்னேன்."

பக்கத்து வீட்டிலும் கேட்டிருக்கிறார்கள், அங்கேயும் சீர்தான். தெருக்கோடி வீட்டிலோ, வீட்டுக்காரர் மகன் கல்யாணத்தில் நான் விளக்குப் பிடித்த படத்தைப் போனிலேயே எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். என் பேரில் உள்ள பிரியத்தில், ஆளுக்கு ஒரு கல்லாகப் போட்டு எனக்குச் சமாதி கட்டிவிட்டார்கள். அக்காவை என்ன சொல்ல? அந்த மழையில் இவரைத் தோளில் சாய்த்துத் தூக்கிவந்த அக்கா. அங்கேயே நின்று, இல்லக்கா, அவர் எனக்கு அண்ணனே இல்லை, பதினோரு வருஷமாக உங்கள் எல்லாரிடமும் பொய் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. சொன்னால் அன்றைக்கே கோயில் ஆபீசுக்குப் போய்விடும் என்ற பயம் ஒரு பங்கு. அந்த அக்கா முகத்தை அதற்கப்புறம் எப்படிப் பார்ப்பது என்பது மூன்று பங்கு. மோர் குடுத்தது நல்லதுக்கா என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

ஐப்பசியில் பட்டியல் ஒட்டினார்கள். என் பெயர் தகுதியில்லாதவர்கள் பக்கத்தில் இருந்தது. காரணம்: 'உடன்பிறந்தார் முறை உறவினர் வீட்டில் வாடகையின்றி வசித்து வருகிறார்.' நல்ல சுத்தமான தமிழ். நான் அடித்திருந்தாலும் அப்படித்தான் அடித்திருப்பேன்.

மேல்மனுப் போட்டேன். அதற்கு விசாரணை வைத்தார்கள், வீட்டு உரிமையாளரை நேரில் அழைத்து வர வேண்டும் என்று கடிதம் வந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வீட்டுக்காரர் ஊருக்கே போனேன். சம்பா வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள், அவர் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். நான் ஒன்றும் சண்டை போடவில்லை. இவர் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை என்பதை மட்டும் சொன்னேன். அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வர்றேம்மா என்றார். எழுத வேண்டாம்ணே, வாயால் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றேன். வர்றேன்னு சொல்லிட்டேன்ல என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. அந்த வீட்டுக் கதவை மனசுக்குள் திறந்து திறந்து மூடிக்கொண்டே வந்தேன்.

விசாரணை அன்றைக்குச் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. என்னை மொபெட்டில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனார். ஆபீஸ் பெஞ்சில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். என் பைக்குள் அந்த ஒப்பந்தம் நான்காக மடித்தபடி இருந்தது, ஒருவேளை மனசு மாறினால் என்று எடுத்து வந்திருந்தேன்.

அதிகாரி அம்மா நல்லவர். என்னை உட்காரச் சொன்னார், என் புருஷனுடைய ஆஸ்பத்திரிச் சீட்டை எல்லாம் பொறுமையாகப் படித்தார். பிறகு வீட்டுக்காரரிடம், அய்யா, வாடகைக்கு விட்டிருந்தால் விட்டிருக்கிறேன் என்று சொல்லுங்கள், ஆனால் நீங்கள் சொல்வதை எழுதிக்கொள்வேன், அடிமனை கோயிலுடையது என்பதால் அவர்களுக்கும் ஒரு நகல் போகும், அது விதி என்றார். மறைத்துவைத்துக் கழுத்தை அறுக்காமல் முன்கூட்டியே சொன்னார். அந்த நேர்மைதான் எங்களைக் கொன்றது.

"இவங்க உங்களுக்கு யாருங்க?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அண்ணே என்று சொல்லிவிடாதே என்று என் வாயை நானே கடித்துக்கொண்டிருந்தேன். அவர் கண் கலங்கியிருந்தது.

"என் தங்கச்சிங்க."

அதிகாரி அம்மா என் பக்கம் திரும்பி, நீங்க சொல்லுங்க என்றார்.

அந்த நேரத்தில் எனக்கு எல்லாமே தெளிவாகத் தெரிந்தது. பத்திரம் அடிக்கிறவளுக்கு அப்படித்தான் தெரியும், ஒன்று, இரண்டு, மூன்று என்று. இல்லை என்று சொன்னால் என் ஒரு வாய், அந்தப் பக்கம் அவரும் ஒரு தெருவும். அதையும் மீறி அம்மா என்னை நம்பினால் பெயர் குலுக்கலில் சேரும், அவ்வளவுதான், வீடு கிடைத்துவிடாது. நகல் கோயில் ஆபீசுக்குப் போகும், அவர் மனை போகும், நாங்கள் இருக்கும் அறையும் அதோடு போகும். குலுக்கலில் பெயர் வராவிட்டால் இவரைத் தூக்கிக்கொண்டு எந்த மாடிப்படி ஏறுவேன்? இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த மனுஷன் அதைச் சொன்ன விதம். பயத்தில் சொன்ன பொய்யாக மட்டும் இருந்திருந்தால் அங்கேயே கிழித்திருப்பேன். அவர் மனசாரச் சொன்னார். பொய்யைக் கிழிக்கலாம், இதை எதைக்கொண்டு கிழிப்பது?

"ஆமாங்க. அண்ணன்தான்," என்றேன்.

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். புரிந்து என்ன செய்வது, எழுதத்தானே முடியும். எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். பதினோரு வருஷத்தில் அந்த வீடு சம்பந்தமாக நான் கையெழுத்துப் போட்ட முதல் காகிதம் அது, வாடகைக்கு இல்லை என்று.

திரும்பும்போதும் மொபெட்டில்தான் வந்தோம். ஆற்றுப்பாலத்தில் ஏறியதும் வண்டியை ஓரம் கட்டினார். ஆற்றில் தண்ணீர் இரு கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இந்த வருஷம் சீர் கொஞ்சம் கூடவே செய்யறேம்மா."

உங்க கரும்பை நட்டுக் கக்கூஸ் கட்டிக்கவா என்று நாக்கு நுனிவரை வந்தது. என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நாக்கு நுனிவரை வந்ததை நான் விழுங்குகிறவள் இல்லை. அன்றைக்கு விழுங்கினேன். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள். அவர் வீட்டுக்குத்தான் அவர் வண்டியிலேயே போய்க்கொண்டிருந்தேன். போகலாம்ணே, அவர் தனியா இருப்பார் என்றேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது சொம்புத் தண்ணீர் அப்படியே இருந்தது.

இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. இடது கையால் என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான்தான் அன்றைக்குப் பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறையாகக் கழுவினேன்.

போகிக்கு முதல்நாள் மினிவேன் வந்தது. சொன்ன சொல் தவறாத மனுஷன். வழக்கமாக ஒரு கட்டுக் கரும்பு, அந்த வருஷம் இரண்டு. அரிசி மூட்டையும் இரண்டு. பரங்கிக்காய் ஒவ்வொன்றும் ஒரு குழந்தை கனம். சேலையோடு இவருக்கு வேட்டியும் துண்டும். தெரு வாசலுக்கு வந்து நின்றது, எதிர்வீட்டு அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஒவ்வொரு சாமானையும் எண்ணிப் பூரித்துக்கொண்டிருந்தது. எல்லாம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். அவர் மறுபடியும் வேனுக்குள் ஏறி, வெள்ளை வேட்டி போர்த்தின ஒன்றைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். காற்றில் வேட்டி விலகியது.

நாற்காலி. நடுவில் ஓட்டை போட்ட, கீழே நீலக் கலர் வாளி மாட்டின நாற்காலி. சீர் சாமான் எதுவானாலும் சந்தனம் குங்குமம் இல்லாமல் கொண்டுவரக் கூடாது என்பதற்காக, அதன் நான்கு காலுக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்திருந்தார்.

தெருவில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட எனக்குத் திட்டுவதற்கு ஆள் கிடைத்திருக்கும். எதிர்வீட்டு அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது. "இப்படி ஒரு அண்ணன் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்டி," என்றது. நான் தாம்பாளத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவர் காலில் விழுந்தேன். நல்லா இரும்மா என்று அவர் சொல்லிவிட்ட பிறகும் எனக்கு எழுந்திருக்கக் கொஞ்சநேரம் ஆனது. எழுந்தால் முகத்தைப் பார்ப்பார்களே.

அவர் போனதும் சாமான்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தேன். நாற்காலியைக் கடைசியாகக் கொண்டுவந்தேன். வைக்க வேறு இடமில்லை. கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில்தான் இடம் இருந்தது, அங்கேயே வைத்தேன். இவர் கட்டிலில் படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சோறு திங்கிற இடத்துல வேண்டாம் என்று மறுபடி சொல்லப் போகிறார், நானும் கத்தப் போகிறேன் என்று இருந்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. கதவோரம் நான் சாய்த்து வைத்திருந்த இரண்டு கரும்புக் கட்டுகளையும் இடது கையால் காட்டினார்.

"பொங்கலுக்கு யாராச்சும் வருவாங்க," என்றார், ஒவ்வொரு வார்த்தையாக. "கரும்பை அது மேல சாத்தி வை."

சாத்தி வைத்தேன். தோகை தரை வரைக்கும் தொங்கியது.